நிறுத்திக் கேட்ட காலம்

வாலிபத்தில் வரி எழுதச் சம்பளம் வாங்கினேன். தலை நரைத்த பிறகு வரி அழிக்கச் சம்பளம் வாங்குகிறேன். இதை எங்கள் போடிநாயக்கனூரில் போய்ச் சொன்னால் கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளைக்கு இப்படியா ஆகவேண்டும் என்று உச்சுக்கொட்டுவார்கள். எங்கள் ஊரில் எழுதியதை அழிக்கிறார்கள் என்றால் ஒன்று வரி ஏய்ப்பு, இல்லாவிட்டால் பாகப்பிரிவினை.

நான் அழிப்பது வேறு வகை வரி. லினக்ஸ் கர்னல் என்று ஒன்று உண்டு. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கும், ரயில் டிக்கெட் எடுக்கப் போனால் எங்கோ ஓர் ஊரில் விழித்துக்கொள்கிற சர்வருக்கும் அடியில் உட்கார்ந்து, மேலே ஓடுகிற புரோகிராம்களுக்கெல்லாம் மெமரியை அளந்து கொடுப்பதும், வேலை முடிந்ததும் திரும்ப வாங்கி வைப்பதும் அதன் பொறுப்பு. கர்னலுக்குள்ளேயே பல பகுதிகள் ஒன்றிடம் ஒன்று மெமரி கேட்கும். கேட்ட இடத்திலெல்லாம் “கிடைத்ததா?” என்று ஒரு சோதனை நிற்கும். அவற்றில் எவை வெறுமனே நிற்கின்றன என்று பார்த்து எடுத்துவிடுவதும் இப்போது எங்கள் மாதிரி ஆட்களின் பிழைப்பில் ஒரு பகுதி.

இந்தச் சோதனைகளை எழுத நான் கற்றுக்கொண்டது ஓர் ஏலக்காய்க் கமிஷன் கடையின் மாடியில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைக்க நினைத்தவருக்கு அந்த மாடிதான் கிடைத்தது போலிருக்கிறது. கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் காயைப் பொறுக்கித் தரம் பிரிப்பார்கள், பச்சை மாறாத பருங்காய் ஒரு பக்கம், வெடித்ததும் வெளுத்ததும் இன்னொரு பக்கம், அந்த வாசனை மரப்படி வழியாக ஏறி வந்து ஏ.சி. இல்லாத எங்கள் ஏ.சி. அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும், நாங்களும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவோம், ஏனென்றால் தூசி பட்டால் கம்ப்யூட்டருக்கு ஆகாது என்று அந்தக் காலத்தில் ஒரு பக்தி இருந்தது. இன்றைக்கும் நாங்கள் சி மொழி எழுதிப் பழகிய டர்போ சி-யின் நீலத் திரையை எங்கேயாவது படத்தில் பார்த்தால் எனக்கு ஏலக்காய் மணக்கிறது. உங்களில் அந்த நீலத்தின் முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு வேறு ஏதாவது மணக்கும்: அடுத்த கடை பரோட்டாவோ, நனைந்த கனேத்கர் சி-பாடப் புத்தகமோ.

அங்கே பாடம் எடுத்த மாஸ்டருக்கு ஒரே வேதம். “கேட்டது கிடைச்சுதான்னு பாக்காம அடுத்த வரிக்குப் போகாத தம்பி.” மல்லாக் என்று மெமரி கேட்டால் உடனே ஓர் ‘இஃப்’, கிடைக்காவிட்டால் பூஜ்யம் வரும், பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டு போனால் நட்டாற்றில் நிற்பாய். அவர் சொன்னது அன்றைக்கு அட்சரசுத்தமான உண்மை. டாஸில், டர்போ சி-யின் சின்ன மாடலில், மாறிகள், ஸ்டாக், கேட்டு வாங்குகிற மெமரி எல்லாவற்றுக்கும் சேர்த்து 64 கிலோபைட். இன்றைக்கு ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பெரியது. ஆகவே மல்லாக் அடிக்கடி கையை விரிக்கும்; விரிக்கும்போது நம் ‘இஃப்’ சரியாகப் பிடித்துவிட்டால் வருகிற பெருமிதம் இருக்கிறதே, அது தனி.

அந்தப் பெருமிதத்தில் நான் கொஞ்சம் மிதந்தேன். கேட்டபின் ஒரு சோதனை, பயன்படுத்துமுன் ஒரு சோதனை, திருப்பிக் கொடுக்குமுன் “கையில் ஏதாவது இருக்கிறதா?” என்று மூன்றாவது சோதனை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கனமான ஆங்கில வாக்கியம்: போதிய மெமரி இல்லாமைக்கு வருந்துகிறோம் என்ற ரீதியில். அப்பாவின் கடைக் கணக்குக்காக எழுதிய புரோகிராமில் கணக்கைவிட வருத்தம் அதிகமாக இருந்தது. மூன்றாவது சோதனை தேவையே இல்லை என்று 1989-லேயே அமெரிக்கத் தர நிர்ணயக்காரர்கள் சி மொழிக்கு எழுதி வைத்துவிட்டார்கள்: பூஜ்யத்தைத் திருப்பிக் கொடுத்தால், மெமரியைத் திரும்ப வாங்குகிற ஃப்ரீ சத்தம் காட்டாமல் திரும்பிவிட வேண்டும். அந்தச் செய்தி எங்கள் மாடிக்கு ஏறி வரவில்லை. வந்திருந்தாலும் நான் எடுத்திருப்பேனா தெரியாது. சோதனை செய்கிறவன் பொறுப்பானவன் என்று எனக்கு ஓர் எண்ணம், அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்றால் முந்தலிலிருந்து வந்தது.

போடியிலிருந்து மேற்கே மலை ஏறுகிறவர்களுக்கு முந்தல் தெரியும், அடிவாரம். அங்கே ஒரு சோதனைச் சாவடி. அப்புறம் பதினேழு கொண்டை ஊசி வளைவு. மேலே போடிமெட்டில் இந்தப் பக்கம் ஒன்று, எல்லையைத் தாண்டினால் கேரளத்தார் வைத்த ஒன்று. வனத்துறை, போலீஸ், வணிகவரி என்று ஆளுக்கொரு கயிறு, ஆளுக்கொரு நோட்டு. காய் விளைவது பெரும்பாலும் அந்தப் பக்கம், சாந்தன்பாறையிலும் வண்டன்மேட்டிலும்; விற்பது இந்தப் பக்கம், போடியில்; ஆகவே ஏலக்காய் மூட்டை ஏறிய ஜீப் ஒவ்வொரு கயிற்றுக்கும் நின்றாக வேண்டும். பள்ளி விடுமுறையில் அப்பாவோடு மலைக்குப் போய்த் திரும்பும்போது கீழிறங்கி, பில்லை நீட்டி, மூட்டையை எண்ணி, சீல் வாங்கி, அடுத்த இடத்தில் அதே பில்லை நீட்டி, அதே மூட்டையை எண்ணி என்று போகும். மேலே எண்ணிய மூட்டை பதினேழு வளைவு இறங்குவதற்குள் குட்டியா போடும் என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா சிரிக்கவில்லை. “எண்ணுறது அவங்க வேல, நிக்கிறது நம்ம வேல” என்றார்.

ஆனால் அந்த நிற்பதில் என்னவெல்லாம் இருந்தது! போடிமெட்டின் குளிரில் கட்டஞ்சாயா. கண்ணாடி டம்ளரைச் சுற்றி உள்ளங்கையை ஒட்டவைத்துக்கொண்டு, மூடுபனி விலகுகிற ஒரு நிமிஷத்துக்குள் கீழே வெயிலில் கிடக்கிற போடியைப் பார்த்து நம் வீடு எது என்று அண்ணனும் நானும் சண்டை போடலாம். தோட்ட வேலைக்குப் போய்த் திரும்புகிற பெண்கள் அடுத்த ஜீப்பிலிருந்து எங்கள் ஜீப்புக்கு ஊர்க்கதையைக் கைமாற்றுவார்கள், மிச்சக் கதை முந்தலில் தொடரும். யாருக்குக் கல்யாணம், எந்தத் தோட்டத்தில் காய்ப்பு சரியில்லை, வண்டன்மேட்டில் நேற்று என்ன விலை போனது எல்லாம் அந்தக் கயிற்றடியில்தான் தெரியும். சோதனையால் ஏதாவது பிடிபட்டதா என்று எனக்கு நினைவில்லை. செய்தி பிடிபட்டது.

2017 ஜூலை 1, ஜி.எஸ்.டி. வந்தது. வணிகவரிச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். போலீசும் வனத்துறையும் இருக்கிறார்கள், ஆனால் பில்லை நீட்டி சீல் வாங்குகிற அந்தக் கூத்து முடிந்தது. ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். அடுத்த ஏப்ரலில் மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்குக்கு இ-வே பில் வந்தது: வண்டி கிளம்புமுன்னே கடையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எண்ணிச் சொல்லிவிட வேண்டும். சோதனை எங்கும் போகவில்லை, மலையை விட்டு இறங்கி நம் மேஜையில் வந்து உட்கார்ந்துகொண்டது. போனது சாயாதான்.

கர்னலிலும் அப்படியே. திருப்பிக் கொடுக்குமுன் பார்க்கிற என் மூன்றாவது சோதனையைக் கர்னல்காரர்களும் எத்தனையோ இடத்தில் எழுதி வைத்திருந்தார்கள் என்று பின்னாளில் பார்த்தபோது எனக்கு ஏக மகிழ்ச்சி. லினக்ஸ் பிறந்த ஃபின்லாந்திலும் ஒரு முந்தல் இருந்திருக்கிறது. கே-ஃப்ரீ என்ற கர்னல் நிரல் உள்ளே நுழைந்ததும் பூஜ்யமா என்று தானே பார்த்துக்கொள்கிறது, ஆகவே வெளியே நிற்கிற ‘இஃப்’ அதே மூட்டையை மறுபடி எண்ணுகிறது. இதை மனிதர்கள் தேடி அலுத்துப்போய், ஜூலியா லாவல் என்ற ஆய்வாளரின் குழுவினர் உருவாக்கிய காக்சினெல் என்ற கருவியிடம் விட்டார்கள். இன்ன வடிவத்தில் ஒரு வரி இருந்தால் பிடி என்று சொன்னால், கோடிக்கணக்கான வரிகளையும் சலித்துக் கொண்டுவந்து போடும். புதிதாக யாராவது எழுதி அனுப்பினால் செக்பேட்ச் என்ற இன்னொரு கருவி, இந்தச் சோதனை அவசியமில்லையே என்று முணுமுணுக்கும். சோதனை இருக்கிறதா என்று சோதிப்பதற்கு ஒரு சோதனை. அதே செக்பேட்ச் என் கனமான வருத்த வாக்கியங்களையும் விடவில்லை: மெமரி கிடைக்காவிட்டால் கொடுக்கிற இடமே யார் கேட்டார், எந்த வழியாக வந்தார் என்று ஜாதகம் முழுவதையும் பதிவேட்டில் கொட்டிவிடுகிறது, நீ வேறு தனியாக ஏன் வருந்துகிறாய் என்று கேட்கும். நியாயம்தான். வருத்தத்துக்கு இனி இடமில்லை.

இதெல்லாம் சில்லறை. பெரிய வேடிக்கை 2014 டிசம்பரில் வெளியே வந்தது. மெமரி நெருக்கடியில் சில நேரம் இயந்திரம் உறைந்து நிற்கிறதே, ஏன் என்று எக்ஸ்.எஃப்.எஸ். கோப்பு முறைமையை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தவர்களிடம், மெமரிப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் சாவகாசமாக ஒரு விஷயத்தைச் சொன்னார்கள்: சின்ன அளவில் கேட்டால் நாங்கள் ‘இல்லை’ என்று சொல்வதே கிடையாது. சின்ன அளவென்றால் எட்டுப் பக்கம், பக்கத்துக்கு 4 கிலோபைட் என்றால் 32 கிலோபைட் வரை. கர்னலுக்குள் கேட்கப்படுவதில் பெரும்பகுதி அந்த அளவுக்குள்தான். கிடைக்கும்வரை சுற்றிச் சுற்றித் தேடுவோம், அப்போதும் இல்லையென்றால் ஓ.ஓ.எம். கில்லரை ஏவி, ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு புரோகிராமைத் தீர்த்துக்கட்டியாவது கொடுப்போம். மிக அபூர்வமான விலக்கு உண்டு, அவ்வளவே. கோப்பு முறைமையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கே இது அதிர்ச்சி. கேட்டவன் ஒரு பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க, சாகவேண்டியவனோ அந்தப் பூட்டு திறந்தால்தான் சாகமுடியும் என்று காத்திருக்க, ஆளுக்கு ஆள் மரியாதை காட்டிக்கொண்டு இயந்திரம் உறைந்து நின்றதற்கு இதுதான் காரணம்.

யோசித்துப் பாருங்கள். இருபதாண்டுக்கு மேலாக உலகமெங்கும் என் மாதிரி ஆட்கள் “கிடைக்காவிட்டால்” என்று பயபக்தியோடு எழுதி வைத்த வரிகளில் பெரும்பாலானவை ஒரு தடவைகூட ஓடியதில்லை. சரி, எடுத்துவிடலாமே என்றால் முடியாது, நாளைக்கே இந்த வழக்கம் மாறினால்? அப்படியானால் வழக்கத்தை மாற்றி, அவ்வப்போது ‘இல்லை’ என்று சொல்லிப் பழக்கலாமே என்றால் அதுவும் முடியாது, ஓடாத வரிகளில் எத்தனை பிழை உறங்குகிறதோ? சோதிக்கப்படாததால் தோற்க விடமாட்டார்கள். தோற்க விடாததால் சோதிக்கப்படாது. வேண்டுமென்றே மெமரியை மறுத்துப் பார்க்க ஒரு பயிற்சி ஏற்பாடு 2006-07 வாக்கிலேயே கர்னலுக்குள் வந்துவிட்டது என்பது உண்மை. அதை எத்தனை பேர் ஓட்டிப் பார்த்தார்கள் என்பது அந்த அதிர்ச்சியிலேயே தெரிந்தது. என் மாஸ்டரை நினைத்துக்கொண்டேன். அவர் வேதத்தில் பிழை இல்லை, தெய்வம்தான் குணம் மாறிவிட்டது.

தேவையற்ற சோதனை எது என்று யார் தீர்மானிப்பது என்பதில் எனக்கு ஒரு பயம் உண்டு, அதற்கு 2009 ஜூலையில் ஒரு கதை. டன் என்ற நெட்வொர்க் டிரைவரில், ஒரு பாயிண்டரை, அதாவது மெமரி முகவரியை, பிடித்து உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, அடுத்த வரியில் அந்தப் பாயிண்டர் பூஜ்யமா என்று பார்த்திருந்தார்கள். வரிசை மாறிப்போனது, அவ்வளவுதான். நாம் எழுதுவதை இயந்திர மொழியாக்குகிற ஜி.சி.சி. கம்பைலர் படு புத்திசாலி: மேல் வரியிலேயே உள்ளே கை விட்டாயிற்று, ஆகவே இது பூஜ்யமாக இருக்கவே முடியாது, ஆகவே கீழ் வரிச் சோதனை தேவையற்றது என்று தர்க்கம் பேசி, யாரையும் கேட்காமல் அதை எடுத்துவிட்டது. மூல நிரலைப் படிக்கிறவர் கண்ணுக்குச் சோதனை இருக்கிறது. ஓடுகிற நிரலில் இல்லை. சாவடிக் கட்டடம் நிற்கிறது, கயிறு மட்டும் இல்லை. பிராட் ஸ்பெங்லர் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர், மெமரியின் பூஜ்யமாவது முகவரியில் தன் சரக்கை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டு, அந்தச் சந்து வழியாக இயந்திரம் முழுவதையும் கைப்பற்றலாம் என்று செய்து காட்டினார். பிறகு கர்னலைக் கம்பைல் செய்யும்போது, தாயே, பூஜ்யச் சோதனைகளில் கை வைக்காதே என்று கம்பைலருக்குத் தனியாக ஓர் உத்தரவு சேர்த்தார்கள். அன்றிலிருந்து ஒரு ‘இஃப்’பை அழிக்குமுன் அதற்கு மேலே உள்ள வரியை இரண்டு முறை படிக்கிறேன்.

முன்னேற்றம் நேர்கோட்டில் போகும் என்று நம்பிய வயதும் எனக்கு இருந்தது. அந்த நம்பிக்கையை மலைப்பாதை கொஞ்சம் உடைத்தது, மீதியை மெம்பிளாக் உடைத்தது. இயந்திரம் விழிக்கிற அந்த முதல் சில கணங்களில் மெமரி கொடுக்கிற பகுதி அது. அந்த நேரத்தில் கொல்வதற்கு ஒரு புரோகிராம்கூட இல்லை, கிடைக்காவிட்டால் ‘பேனிக்’ என்று அலறிவிட்டு நிற்பதைத் தவிர வழியில்லை. மெம்பிளாக்குக்கு முந்திய பழைய முறையில் கொடுக்கிற இடமே அலறிவிடும், கேட்கிறவர் பார்க்க வேண்டாம். பார்த்து எழுதிய சோதனைகள் தேவையற்றவை என்று எடுக்கவும்பட்டன. 2018 கடைசியில் பழைய முறையை ஒழித்தார்கள். 2019-ல், கொடுக்கிற இடம் அலறக்கூடாது, கேட்கிறவரே பார்த்து அலறட்டும் என்று முடிவாகி, கர்னல் முழுக்கச் சோதனைகளைச் சேர்த்தார்கள். எல்லா இடத்திலும் ஒரே ‘இஃப்’, ஒரே அலறல். 2025-ல் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, கொடு அல்லது அலறு என்று ஒரே நிரலாக்கி, அந்த ‘இஃப்’களை மறுபடி எடுத்தார். எல்லாருக்கும் நல்ல காரணம் இருந்தது. போடிமெட்டிலும்தான்: வரிச் சாவடி போய் மூன்றாண்டு ஆவதற்குள் கொரோனா வந்து, இ-பாஸ் இருக்கிறதா என்று அதே இடத்தில் அதே ஜீப்பை நிறுத்தினார்கள், தோட்டத்துக்குப் போகிற பெண்கள் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். வாயில் மாஸ்க், ஊர்க்கதைக்கும் வழியில்லை.

ரஸ்ட் மொழியைக் கர்னலுக்குள் கொண்டுவரலாம் என்று 2021 ஏப்ரலில் முதல் வரைவை வைத்தபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பிடித்துக்கொண்ட முதல் சங்கதிகளில் ஒன்று இதுதான்: மெமரி கிடைக்காவிட்டால் அலறி நிற்கிற பழக்கம் எனக்கு வேண்டாம், கிடைக்கவில்லை என்று சொல்லு, கேட்டவர் பார்த்துக்கொள்வார். அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதித்தான் 2022 டிசம்பரில் 6.1-க்குள் ரஸ்ட் நுழைந்தது. படித்துவிட்டு எங்கள் மாஸ்டர் குரல் கேட்ட மாதிரி இருந்தது எனக்கு. லினஸுக்கு ஏலக்காய் மணக்காது என்பது ஒன்றுதான் குறை.

அக்கா மகன் 2012-ல் போடியில் வந்த அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவன். நாங்கள் படிப்புக்காக மதுரைக்கும் அதற்கப்பாலும் மூட்டை கட்டினோம், அவனுக்கு ஊரிலேயே கல்லூரி. எங்கள் மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்று, அகலப் பாதையாகி 2023 ஜூனில் சென்னையிலிருந்தே வர ஆரம்பித்தபோது, அவன் அதில் ஏறிச் சென்னைக்கு வேலைக்குப் போனான். சமீபத்தில் கர்னலுக்குத் தன் முதல் திருத்தத்தை, பேட்ச் என்பார்கள், அனுப்பினான். கே-ஃப்ரீக்கு முன்னால் நிற்கிற ஒரு ‘இஃப்’பை எடுத்திருந்தான். அன்று இரவே போன்.

“மாமா, எடுத்தது ஒரே ஒரு இஃப். ஏன் எடுத்த, எடுத்தா என்ன ஆகும், யாரு பாத்துக்குவாங்கன்னு விளக்கமா எழுதுங்கிறாங்க.”

“எழுது மாப்ள.”

“எழுதிட்டேன். எடுத்தத விட விளக்கம் பெருசா இருக்கு.”

அப்படித்தான் இருக்கும். போதாததற்கு அடியில் கையெழுத்து வேறு. லினக்ஸில் இருப்பது எங்கள் சரக்கு என்று 2003-ல் எஸ்.சி.ஓ. நிறுவனம் தொடுத்த வழக்குக்குப் பிறகு, 2004-லிருந்து ஒவ்வொரு பேட்சுக்கும் இது என் சரக்குதான் என்று அனுப்புகிறவர் உறுதி கொடுக்க வேண்டும். போகிற வழியில் பார்த்தவர், ஒப்புக்கொண்டவர், ஓட்டிப் பார்த்தவர் என்று ஆளுக்கொரு வரி போடுவார்கள். நிரலில் சோதனை குறையக் குறைய நிரல் போகிற பாதையில் சீல் கூடிக்கொண்டே வருகிறது. அவனிடம் இதைச் சொல்லவில்லை, பயந்துவிடுவான்.

மூன்றாவது தடவை திருத்தி அனுப்பியது ஏற்கப்பட்டது. “அப்போ உள்ள போயிருச்சா மாமா?” என்றான். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறைதான் புதிய கர்னல் வெளிவரும், ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்தில் இரண்டு வாரம் மட்டும் வாசல் திறக்கும், இப்போதுதான் மூடியிருக்கிறது என்று விளக்கினேன்.

“அதுவரைக்கும் என்ன பண்றது?”

“நிக்க வேண்டியதுதான். ஒரு சாயா போட்டுக் குடி.”

“நான் கிரீன் டீ மட்டும்தான் குடிக்கிறேன் மாமா” என்றான்.